கேக் துண்டோடு ஒயின் வாங்கப் போன புளிப்பத்தை

அந்தப் போட்டோவில் தொண்ணூற்று நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் தொண்ணூற்று மூன்று பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கண் மூடியிருக்கிறது. மணப்பெண் உதட்டைக் குவித்து மூக்கைச் சுருக்கியிருக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெரியப்பா, அப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்டவர் போலத் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைசி வரிசையில், இடது ஓரத்தில், கையில் தட்டோடு நிற்கிற ஒருத்தி மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாள்.

அந்த ஒருத்திதான் நம்முடைய அத்தை. அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணம் அவளுடைய அண்ணனுக்கு. எல்லோர் முகத்தையும் அப்படிச் சுளிக்கவைத்த ஒயினை வாங்கி வந்தவளும் அவள்தான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று கேக்கை வெட்டி எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். கூடவே ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் இனிப்பு ஒயின். எல்லோரும் சேர்ந்து கேக்கைச் சாப்பிட்டு, சேர்ந்து ஒரே வாயில் குடித்து, கோப்பையைக் கீழே வைக்கும் முன்பே போட்டோ எடுத்துவிட வேண்டும். நாக்கில் தித்திப்பு இருக்கும்போதே முகத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று என்றைக்கோ யாரோ சொல்லிவைத்தது. நல்ல யோசனைதான். தித்திப்பு இருந்தால்.

அன்றிலிருந்து அவளுக்குப் ‘புளிப்பத்தை’ என்று பெயராகிவிட்டது. அத்தை என்று கூப்பிட அப்போது குடும்பத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. பெயர் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது, மருமகள் இரண்டு வருஷம் கழித்துத்தான் பிறந்தாள்.

“பண்ணின ஆளு மட்டும் சிரிக்குது பாரு!” என்று அந்தப் போட்டோவைக் காட்டி அண்ணி சொல்லாத விருந்தாளி கிடையாது. அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு கதை நன்றாக எடுபட்டால் அதைச் சும்மா விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். “எனக்கு நல்லாத்தானே இருந்துது” என்று அத்தை ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. “அப்போ நாக்குதான் மரத்துப்போச்சு!” என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அத்தை தன் வாயை மூடிக்கொண்டாள்.

வேடிக்கையாக ஆரம்பித்தது இருபத்தேழு வருஷத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. குடும்ப விருந்து என்றால் அத்தைக்கு வெங்காயம் நறுக்குகிற வேலை மட்டும்தான். குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்லி யாரும் கரண்டியை அவளிடம் நீட்டியதில்லை. அவளும் நம்பிவிட்டாள். தனியாக இருக்கும் தன் சமையலறையில்கூட உப்பைக் கையால் போட மாட்டாள். சின்னக் கரண்டியில் எடுத்து, கத்தியால் வழித்து, அளந்து போடுவாள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனுஷி உப்பை அளக்கிறாள் என்றால், அந்தப் பெயர் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படியிருக்கும்போதுதான் மருமகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். மாப்பிள்ளை தபால் வண்டி ஓட்டுகிறவர். நூற்றறுபது பேருக்கு அழைப்பு. செலவை இரண்டு பேருமே போட்டுக்கொள்வதாகப் பேச்சு. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேக் அண்ணி செய்வாள். அதில் பேச்சே கிடையாது. அவள் செய்யும் அந்த மூன்றடுக்குக் கேக், சர்க்கரையைக் கருக்கிக் காய்ச்சிய பாகை அடுக்குக்கு அடுக்கு ஊற்றி, மேலே கெட்டிப்பாலும் வாதுமைக் கொட்டையுமாக, அந்த வட்டாரத்திலேயே பேர் போனது. அவளுடைய கல்யாணத்துக்கும் அவளேதான் அதைச் செய்தாள்.

“ஒயின் அத்தைதான் வாங்கணும்” என்றாள் மருமகள்.

அண்ணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“உனக்கென்ன பைத்தியமா? கல்யாணப் போட்டோடி அது. காலத்துக்கும் சுவத்துல தொங்கும்” என்றாள் அண்ணி.

“அதுக்குத்தாம்மா சொல்றேன். அத்தைக்கும் ஒரு தடவை சான்ஸ் குடுக்கணும்ல. ஆனா அத்தை, பட்ஜெட் ரொம்பச் சின்னது. ஷோகேஸ்ல பூட்டி வெச்சிருக்கிற பாட்டில் பக்கம் எல்லாம் போயிடாதீங்க.”

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் ஏதாவது வந்தால் அந்த வீட்டு ஜன்னலில் அவருக்குப் பார்க்க நிறைய இருக்கும்.

அத்தைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்தப் பெண் பார்த்த பார்வையில், “சரி கண்ணு” என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். மறுபடி புளித்துவிட்டால் தன் பெயர் போவது பெரிதில்லை, அது ஏற்கெனவே போனது. இந்தப் பெண்ணின் கல்யாணப் போட்டோவும் நூற்றறுபது சுளித்த முகங்களோடு சுவரில் தொங்குமே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அத்தை தையல்காரி. சலவைக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான ஒற்றை அறை. வாசலில் ஒரு மெஷின், உள்ளே ஒரு மெஷின், நடுவில் துணி வெட்டும் பலகை. காதில் சாக்குக்கட்டி, மணிக்கட்டில் குண்டூசிப் பஞ்சு, கழுத்தில் அளவு நாடா. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குச் சத்தமில்லாமல் ஒரு விரல் விட்டுத் தைப்பது எல்லாம் அங்கே நடக்கும். கல்யாணம் வேண்டாமென்று அவள் சொன்னதுமில்லை, வேண்டுமென்று யாரும் வந்து நின்றதுமில்லை. நாள் ஓடியது. நன்றாகவே ஓடியது என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவள் தலைக்குள் இருந்தது, அது ஒருநாளும் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

கடையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. துணி இல்லாமல் நூல் வாங்கக்கூடாது. கறுப்புக்குக் கறுப்பு வாங்குவதாக இருந்தாலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டுதான் நூல்கடைக்குப் போவாள். வாசல் வெளிச்சத்தில் துண்டின்மேல் நூலை வைத்துப் பார்ப்பாள். “தனியாப் பார்த்தா எல்லா நிறமும் நல்ல நிறம்தான். சேர்த்து வெச்சாத்தான் சண்டை தெரியும்” என்பாள்.

இவ்வளவும் தெரிந்தவள் ஒயின் விஷயத்தில் என்ன செய்தாள்? பெரிய கடைக்குப் போய், இனிப்பு ஒயின் என்று எழுதியிருந்ததில் விலை கட்டுப்படியாகிற மூன்று சின்னப் பாட்டில்களை வாங்கி வந்தாள். வீட்டில் மேஜைமேல் வரிசையாக வைத்து, பொன்னிறமாக இருந்த முதலாவதைக் குடித்தாள். தித்தித்தது. ரொட்டித்துண்டு ஒன்றைக் கடித்து நாக்கைச் சுத்தம் செய்துகொண்டு இரண்டாவது. அதுவும் தித்தித்தது. மூன்றாவதும். அன்றைக்கும் இப்படித்தான் தித்தித்தது. தித்தித்துத்தானே அந்தக் கதி ஆனது! சூடு கண்ட பூனை மாதிரி மூன்று பாட்டிலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் நாக்கு சொல்வதை நம்பமுடியாத ஒருத்தி நூறு பாட்டிலைக் குடித்தாலும் ஒன்றுதான், ஒரு பாட்டிலைக் குடித்தாலும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஒரு வாடிக்கைக்காரி கோட்டுக்கு உள்துணி வாங்கிக்கொண்டு வந்தாள். கோட்டைக் கொண்டுபோகாமல் ஞாபகத்தில் வாங்கியது. கோட்டு நீலத்தில் லேசாகப் பச்சை ஓடியது, உள்துணி நீலத்தில் லேசாகச் சிவப்பு. இரண்டையும் பலகையில் போட்டதும் ஒன்றையொன்று அழுக்காகக் காட்டின.

“கடையில பார்க்கும்போது ரொம்ப அழகா இருந்துதே!” என்றாள் வாடிக்கைக்காரி.

“அழகாத்தாம்மா இருக்கும். தனியா இருக்கும்போது யாருதான் அழகா இல்ல? எது கூடச் சேரப்போகுதோ அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போகாம வாங்கினா...” என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்த அத்தை, பாதியில் நிறுத்திவிட்டாள். வாயில் இருந்த குண்டூசியை எடுத்துப் பஞ்சில் குத்தினாள். “...வாங்கினா இப்படித்தான்” என்று மெதுவாக முடித்தாள்.

மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வெள்ளோட்டமாக ஒரு சின்னக் கேக் செய்து ஆறவைத்திருந்தாள்.

“அண்ணி, ஒரு துண்டு குடுங்க. டப்பால போட்டு.”

“இங்கேயே சாப்பிடேன்.”

“சாப்பிட இல்ல. சாம்பிளுக்கு.”

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவளுடைய கேக்கைக் கேட்டு வந்தவரை அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இரண்டு துண்டாக வைத்துக் கொடுத்தாள். “அந்தப் பெரிய கடைக்கு மட்டும் போகாதே. போன தடவை மாதிரி ஏமாத்திடுவாங்க” என்று சேர்த்தும் கொடுத்தாள்.

அத்தை போனது வேறு கடைக்கு. ரயில் பாலத்துக்குக் கீழே, படி இறங்கிப் போகிற குளிர்ச்சியான நிலவறைக் கடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கல்யாணம், நூற்றறுபது பேர், சின்ன பட்ஜெட் என்று சொல்லிவிட்டு, அத்தை கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

“இது என்னம்மா?”

“கேக். இதுக்குப் பொருத்தமா வேணும்.”

கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “முப்பது வருஷமா இந்தக் கடையில உட்கார்ந்திருக்கேன். கேக்கைக் கையோட கொண்டுவந்த முதல் ஆளு நீங்கதான்” என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று அத்தை பார்த்தாள். இல்லை. அவர் சந்தோஷத்தில் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஒரு பொன்னிற ஒயினை ஊற்றினார். வீட்டில் அவள் குடித்த முதலாவதின் ஜாதி. சொல்லப்போனால் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் வாங்கியதும் இதே பொன்னிறம்தான். குடித்தாள். பூ வாசனையோடு தித்திப்பு.

“இப்போ கேக்கை ஒரு வாய் சாப்பிட்டுட்டு மறுபடி குடிங்க” என்றார்.

அத்தை கேக்கை ஒரு வாய் போட்டாள். பாகும் கெட்டிப்பாலும் நாக்கில் பரவியது. அதே கோப்பையை எடுத்து அதே ஒயினைக் குடித்தாள். குடித்த வேகத்தில் ஒரு கண் மூடிக்கொண்டது. மூக்கு சுருங்கியது. கை தானாகத் தாடையைப் பிடித்தது.

“ஐயய்யோ, புளிக்குது!”

“புளிக்கும்” என்றார் கடைக்காரர், எதுவுமே நடக்காதது போல. “ஒயினைவிடக் கேக்குல இனிப்பு ஜாஸ்தியா இருந்தா, ஒயின்ல இருக்கிற தித்திப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது. புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். ஒயின் எப்பவும் கேக்கைவிட ஒருபடி மேல தித்திக்கணும். ஒயின்மேல தப்பே இல்லம்மா. நல்ல ஒயின் இது. இந்தக் கேக்கு அப்படி!”

அத்தை அங்கிருந்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்முன்னால் அந்தப் போட்டோ வந்து நின்றது. தொண்ணூற்று மூன்று பேர் கேக் சாப்பிட்டவர்கள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்கக் கோப்பை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கேக் தட்டில் தூள்தான் மிச்சமிருந்தது. சரி போகட்டும் என்று கடைசிக் கோப்பையை எடுத்து வெறும் வாயோடு குடித்தாள். தித்தித்தது. அதனால் சிரித்தாள். அவ்வளவுதானே நடந்தது! இருபத்தேழு வருஷமாகச் சுவரில் சாட்சி தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிம்மதி. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

“என்னம்மா ஆச்சு, தண்ணி குடுக்கட்டுமா?” என்றார் கடைக்காரர்.

“வேண்டாங்க. அடுத்ததை ஊத்துங்க” என்றாள் அத்தை. குரலே மாறியிருந்தது.

அதற்கப்புறம் ஒருமணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கேக்கோடு மல்லுக்கட்டினார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒயின்கள் வந்து தோற்றுப் போயின. கொடியிலேயே வாடவிட்டுப் பறித்த திராட்சையில் செய்தது ஒன்று ஜெயித்தது. அதன் விலையைக் கேட்டதும் அத்தை கோப்பையை மெதுவாக, கீறல் படாமல், கீழே வைத்தாள். “கொடியில வாடினா ஒரு குலைக்கு ஒரு ஸ்பூன் சாறுதான் வரும். அதான் அந்த விலை” என்றார் அவர்.

“சாறு கம்மியானா விலை ஜாஸ்தி, சரி. யாரும் கேட்காததா எதாவது இருக்கா? நல்ல துணியா இருக்கும், நிறம் பிடிக்கலன்னு யாரும் தொடமாட்டாங்க. அந்த மாதிரி?”

கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். தூசி படிந்த ஒரு பாட்டிலோடு வந்தார். காயவைத்த திராட்சையில் செய்தது. கன்னங்கரேலென்று இருந்தது. லேபிளில் ஒரு படம்கூட இல்லை. “மருந்து மாதிரி இருக்குன்னு யாரும் எடுக்கிறதில்ல. ஆனா...” என்று ஊற்றினார்.

அத்தை கேக்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குடித்தாள். கண் மூடவில்லை. மூக்கு சுருங்கவில்லை. கருக்கிய பாகும் காய்ந்த திராட்சையும் வாதுமையும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு உள்ளே இறங்கின. துணியும் நூலும் சேர்ந்துவிட்டால் நூல் எங்கே போனதென்றே தெரியாது. அது மாதிரி.

“இது” என்றாள். யாரையும் கேட்கவில்லை. இன்னொரு தடவை குடித்துப் பார்க்கவும் இல்லை.

கெட்டியான ஒயின் என்பதால் கோப்பைக்குக் கொஞ்சம் போதும். ஒரு பாட்டில் பதினைந்து பேருக்கு வரும் என்றார் அவர். ஒரு பாட்டில் உபரியாக வைத்துப் பன்னிரண்டு. மொத்தமாக எடுக்கிறாள் என்று அவர் கொஞ்சம் குறைத்தார், அவருடைய கோட்டின் கிழிந்த பையைத் தைத்துத் தருகிறேன் என்று இவள் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். பட்ஜெட்டுக்குள் அடங்கிவிட்டது.

அண்ணன் வீட்டுப் படியேறும்போது அத்தைக்கு நாக்கு துறுதுறுவென்றிருந்தது. உள்ளே போனதும் போட்டோவைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

அண்ணி சமையலறையில் இருந்தாள். பாகு தெறித்து மணிக்கட்டில் கொப்புளம், அதில் ஈரத்துணி. மேஜை முழுக்கச் சர்க்கரைப் பைகள்.

“வா வா. நூத்தறுபது பேருக்கு இதுவரைக்கும் செஞ்சதே இல்லடி. பயமா இருக்கு” என்றாள். அண்ணி வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை அத்தை அன்றைக்குத்தான் கேட்டாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் படிச்சவங்க. எனக்கு என்ன தெரியும்? இந்தக் கேக்கு ஒண்ணுதான் தெரியும். இதாவது நல்லபடியா வரணும்.”

அத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பாள். இல்லையென்றால் நம்பிவிடுவாள். நம்பினால் அது இன்னும் மோசம். எட்டு நாளில் கல்யாணம், அந்தச் சர்க்கரைப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவாள். இருபத்தேழு வருஷம் சுமந்த பெயரை இன்னும் எட்டு நாள் சுமக்க முடியாதா என்ன?

“நல்லா வரும் அண்ணி. கேக்கு அருமை. ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட மாத்தாதீங்க” என்றாள். பின்குறிப்பாக, “ஒரு ஸ்பூன்கூட” என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பொருத்தம் பார்த்து வாங்கியாகிவிட்டதே!

அன்று வீட்டில் சூப்புக்கு உப்பைக் கையால் அள்ளிப் போட்டாள். சரியாக இருந்தது.

கல்யாணத்தன்று நகராட்சி மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மருமகளுடைய உடுப்பு அத்தை தைத்தது, அதைப் பார்த்து நாலு பேர் அங்கேயே விலாசம் கேட்டார்கள். சாப்பாடு முடிந்தது. கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கைதட்டினார்கள். அத்தை கோப்பைகளை எடுத்துவரச் சமையல்கட்டுக்குப் போனாள்.

உள்ளே அண்ணி தனியாக நின்றிருந்தாள். கையில் ஒரு பாட்டில். எதிரில் வரிசையாகக் கோப்பைகள். ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய ஒயின் பொன்னிறமாக இருந்தது.

அத்தையின் கருத்த பாட்டில்கள் பன்னிரண்டும் மூலையில் திறக்காமல் நின்றன.

“அண்ணி! என்ன பண்றீங்க?”

அண்ணி திடுக்கிட்டாள். பிறகு முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். “கோவிச்சுக்காதே. நீ வாங்கினது இருமல் மருந்து மாதிரி இருக்கு. எனக்கு மனசு கேக்கல. என் கைக்காசுல இதை வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தேன். நானே குடிச்சுப் பார்த்தேன், நல்லாத் தித்திக்குது. நீ வாங்கினதுன்னே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உன் பேரும் கெடாது.”

வெளியே போட்டோக்காரர் நாற்காலிகளைச் சத்தமாக நகர்த்திக்கொண்டிருந்தார். இந்தப் பொன்னிறக் கோப்பைகள் வெளியே போனால், இதோ இன்னும் பத்து நிமிஷத்தில், நூற்றறுபது முகமும் சுளிக்கும். நடுவில் மருமகளின் முகமும்.

கேக் தட்டில் ஓரமாக உதிர்ந்திருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். “இதை ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணி. சாப்பிட்டுட்டு உங்க ஒயினைக் குடிங்க.”

“இப்போ எதுக்கு...”

“குடிங்க.”

இருபத்தேழு வருஷத்தில் அத்தை அந்தக் குரலில் பேசியதில்லை. அண்ணி சாப்பிட்டாள். குடித்தாள். உதடு குவிந்தது. மூக்கு சுருங்கியது. போட்டோவில் இருந்த அதே முகம். வயது மட்டும்தான் கூடியிருந்தது.

அத்தை ஒரு கருத்த பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் ஊற்றி, இன்னொரு வாய் கேக்கோடு கொடுத்தாள். அண்ணி தயங்கிக் குடித்தாள். சுருங்கின முகம் மெல்ல மெல்ல விரிந்தது. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். பொன்னிறப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தாள். என்ன இருந்தாலும் சமையல் தெரிந்தவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்போ... அன்னிக்கு...” என்றாள்.

“நேரமாச்சு அண்ணி. கோப்பையைக் கழுவணும்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“எட்டு நாளா.”

“எட்டு நாளா வாயைத் திறக்கலையா நீ?”

“நீங்க பாகு காய்ச்சிட்டு இருந்தீங்க” என்றாள் அத்தை.

அண்ணி குழாயைத் திறந்து மடமடவென்று கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அத்தை துடைத்தாள். அண்ணி ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள்.

மண்டபத்தில் எல்லோர் கையிலும் கேக்கும் கோப்பையும் வந்து சேர்ந்தன. கருத்த ஒயினைப் பார்த்துச் சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். “வாங்கினது யாரு தெரியுமில்ல?” என்று ஒரு குரல், அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. அத்தை தட்டோடு கடைசி வரிசையின் இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். அது அவளுக்குப் பழகிய இடம். போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறினார்.

“ஒரு நிமிஷம்!” என்று முன்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள்.

“அம்மா, உட்காருங்கம்மா, வெளிச்சம் போகுது” என்றார் போட்டோக்காரர்.

“வெளிச்சம் நிக்கும். நான் சொல்லிடறேன். என் கல்யாணத்துல ஒயின் புளிக்கல. அது நல்ல ஒயின். என் கேக்குல நான் கண்ணுமண்ணு தெரியாம சர்க்கரையைக் கொட்டியிருந்தேன், அதனால புளிச்சுது. இன்னிக்கும் கொட்டியிருக்கேன். ஆனா என் நாத்தனார் கேக்கைக் கையில எடுத்துட்டுப் போய்ப் பொருத்தம் பார்த்து வாங்கியிருக்கா. இருபத்தேழு வருஷமா அவளைப் பேசினேன். தப்பு. இனிமே யாராவது அவளைப் புளிப்புன்னு கூப்பிட்டீங்க, அந்த வீட்டுக்கு என் கேக்கு கிடையாது.”

கடைசி வாக்கியம் பலரைச் சங்கடப்படுத்தியது உண்மை.

சொல்லிவிட்டு அண்ணி உட்காரவில்லை. தன் தட்டிலிருந்த கேக்கை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, கடைசி வரிசைக்கு வந்து, முழுத்துண்டையும் அத்தையின் வாயில் திணித்தாள். “இந்தத் தடவையாவது நீ கேக் சாப்பிட்டுட்டு நில்லு” என்றாள். அவள் பக்கத்திலேயே நின்றும்கொண்டாள்.

“குடிங்க!” என்று கத்தினாள் மருமகள். எல்லோரும் குடித்தார்கள். ஸ்டூல் மேலிருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

அண்ணன் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு போட்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. புதியதில் நூற்றறுபது பேர். மருமகள் சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறார், அண்ணன் ஜன்னலைப் பார்க்காமல் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணி அத்தையின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அத்தை மட்டும், இரண்டு கன்னமும் கேக்கால் உப்பி, கண்ணை இறுக்க மூடி, மூக்கைச் சுருக்கி, தாடை வரைக்கும் கண்ணீர் வழிய, முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கிறாள். அவள் கையிலிருக்கும் கோப்பை இன்னும் நிறைந்தபடியே இருக்கிறது.